விசில் நீக்கிய பிரதி

1

இந்தக் கதை ஒரு கேள்விக்குறியிலிருந்து பிறந்தது. அதைப் போட்டவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்து கோபிப்பதைவிட நீங்கள் இப்போதே கோபித்துக்கொள்வது நல்லது.

பதினெட்டு வருடமாகத் திருகோணமலையிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறேன். குடிதண்ணீர் வராதது, யானை வந்தது, அமைச்சர் வந்தது (யானைக்குத்தான் வாசகர் அதிகம்), பள்ளிக்கூடப் பந்தாட்டம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, விளையாட்டுப் பக்கத்தின் தலைமாட்டில் என் செய்தி வந்தது: 'றுவைஸ் ஆட்டத்தை விற்றாரா?'

கேள்விக்குறி போட்டால் வழக்கு வராது என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். உண்மைதான், வழக்கு வரவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவனுடைய ஆட்டம் அந்தத் திங்கட்கிழமையோடு முடிந்துபோனது.

2

தொடக்கம் ஒன்று: கிண்ணியாப் பாலத்தின் மேல் அன்று காற்று—

(வேண்டாம். அந்தப் பாலத்தில் என்றைக்கும் காற்றுத்தான்.)

தொடக்கம் இரண்டு: றுவைஸின் கால்களுக்குக் கண் இருந்தது—

(இதே வரியை முன்னொருகாலம் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். வந்த வினையெல்லாம் அதனால்தான். மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.)

என் மனைவி குணேஸ்வரி தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ஏனப்பா இப்பிடிச் சுத்திச் சுத்தி எழுதிறியள்? ஒரு பெடியன் இருந்தான் எண்டு தொடங்குங்கோவன்."

சரி. ஒரு பெடியன் இருந்தான்.

பெயர் றுவைஸ், ஊர் கிண்ணியா. பள்ளி அணியில் எட்டாம் இலக்கச் சட்டை, நடுக்கள ஆட்டம். கோல் அடிப்பது அவன் வேலை இல்லை. பந்தை வாங்கி, யாருக்குப் போகவேண்டுமோ அவனுக்குப் போகவைப்பது அவன் வேலை. கோல் அடித்தவனை ஊர் தோளில் தூக்கும். இவன் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பான்.

கடலோர மைதானத்தில் பின்னேர அசர் தொழுகை முடிந்ததும் ஆட்டம் தொடங்கும், பொழுதுபட்டு மஹ்ரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நிற்கும். பாங்குக்கு முந்திய பத்து நிமிடம் இருக்கிறதே, அதில் பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது. விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. அதற்காக அந்தப் பெடியள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு விசில் என்றால் 'முன்னால் நிற்கிறேன்'. குட்டையாக இரண்டு விசில் என்றால் 'உனக்குப் பின்னால் நிற்கிறேன், திரும்பாதே, கொடு'.

அந்த இரண்டு விசிலை அதிகம் ஊதியவன் நிப்றாஸ். முதலாம் வகுப்பிலிருந்து றுவைஸின் பக்கத்தில் இருந்தவன், ஒரே ஒழுங்கைக்காரன். நிப்றாஸ் ஊதினால் றுவைஸ் தலையைத் திருப்பியதே இல்லை. குதிக்காலால் ஒரு தட்டுத் தட்டுவான், அவ்வளவுதான்.

3

அந்தக் குதிக்காலைப் பார்த்துத்தான் 'கால்களுக்குக் கண்' என்று எழுதினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்தக் கதையில் ஆண்டி நான்.

செய்தி வந்து இரண்டு வாரத்தில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்காரர் காரில் வந்து இறங்கினார். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை முடிந்திருந்த நேரம். றுவைஸின் உம்மா பரீதா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்கதானே சேர் எழுதின. நீங்களே சொல்லுங்க. அனுப்பட்டா?"

"நல்ல சந்தர்ப்பம்" என்றேன் நான். நிருபர்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சொல்வார்கள்.

பள்ளியை விட்டுப் போவதற்கான முதலாவது விடுகைப் பத்திரம் எழுதப்பட்டது. நடத்தை: மிக நன்று. பஸ் நிலையம்வரை பையைத் தூக்கி வந்தவன் நிப்றாஸ். "எட்டாம் நம்பர ஆருக்கும் குடுக்க மாட்டம்" என்று சொன்னான். ஒரு மாதத்தில் கொடுத்துவிட்டார்கள். ஆள் போனால் ஆட்டம் நிற்குமா?

கொழும்பில் முதல் வருடம் முழுக்க ஆடாமல் மைதானத்து ஓர வாங்கில் உட்கார்ந்திருந்தான். வேறு பள்ளியிலிருந்து மாறி வந்தவன் ஒரு வருடம் ஆடக்கூடாது என்று பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் ஒரு விதி. இரண்டாம் வருடம் ஆடினான், கிண்ணம் வென்றார்கள், மதிலில் அவன் படம் ஒட்டினார்கள். அடுத்த தவணையில் மன்னாரிலிருந்து இன்னொரு பெடியன் வந்து இறங்கினான், இவனைவிட வேகம். அவனைக் கூட்டிவந்ததும் அதே கார்தான்.

இரண்டாவது விடுகைப் பத்திரம். மலைநாட்டில் ஒரு பள்ளி. நடத்தை: மிக நன்று. அங்கே திரும்பவும் ஒரு வருடம் வாங்கு, நல்ல குளிர்.*

அங்கே முதல் பயிற்சியில் ஒருவன் பந்தோடு போக, றுவைஸ் பழக்கதோஷத்தில் விசில் அடித்தான். ஆட்டம் நின்றது. "அது நடுவர்ட வேலை" என்றார் பயிற்றுநர். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கண்ணால் பார்த்துப் பந்து கொடுக்கப் பழகினான். பழையதை மறந்தும்விட்டான் என்றுதான் நினைத்தான்.

(* இந்த இடத்தில் 'இரவில் போர்வைக்குள் அழுதான்' என்று எழுதியிருந்தேன். றுவைஸ் வாசித்துவிட்டு, "அழல்ல சேர், தடிமன். மூக்குத்தான் ஒழுகிச்சி" என்றான். ஆகவே: தடிமன்.)

4

அடுத்த வருடம், அதே போட்டியின் காலிறுதி ஆட்டம், திருகோணமலைப் பட்டின மைதானம். ஒரு பக்கம் மலைநாட்டுப் பள்ளி. மற்றப் பக்கம் கிண்ணியா, முதல் தடவையாக இவ்வளவு தூரம் வந்திருந்தது. மழையால் ஆட்டம் பிந்தித் தொடங்கியது. கடைசி நிமிடங்களில் ஒன்றுக்கு ஒன்று, வானம் மூடி, கிட்டத்தட்ட அந்தப் பாங்குக்கு முந்திய வெளிச்சம்.

றுவைஸ் தன் பக்கக் கோல் கம்பங்களுக்கு முன்னால் பந்தை நிறுத்தினான். அவனுக்குப் பின்னால், எதிரணிச் சட்டையில், நிப்றாஸ்.

இரண்டு விசில்.

குதிக்கால். நிப்றாஸின் கால். வலை.

சனம் போட்ட சத்தத்தில் நடுவருக்கு எதுவும் கேட்டிருக்காது. எதிரணிக்காரனை ஏமாற்றிக் கூப்பிட்டுப் பந்து வாங்குவது குற்றம். கேட்டிருந்தால் அந்தக் கோல் கோலே இல்லை.

எனக்குக் கேட்டது. நான் அந்தக் கம்பத்துக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்றேன்.

(இந்தப் பந்தியை நாலு தடவை அழித்து எழுதியிருக்கிறேன். இப்போதும் கை கூசுகிறது.)

அன்று பின்னேரம் கிண்ணியாச் சனம் உழவு இயந்திரத்திலும் மோட்டார் சைக்கிளிலும் பாலம் நிறையப் போனது. அந்தச் சனத்திடம் போய், உங்கள் வெற்றி களவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசிலை விட்டுவிட்டு எழுதினேன். விசில் இல்லாவிட்டால் அந்தப் பந்துக்கு வேறு என்ன காரணம்? சொந்த ஊருக்காக விற்றுவிட்டான் என்பதைத் தவிர? அதை நேராகச் சொல்லத் துணிவில்லாமல் ஒரு குறியைப் போட்டேன்.

5

மூன்றாவது விடுகைப் பத்திரம் பதிவுத் தபாலில் வந்தது. நடத்தை என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும். அதைப் பார்த்த எந்தப் பள்ளியும் அவனைச் சேர்க்கவில்லை. எந்தக் கழகமும் கூப்பிடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கிண்ணியாவிலேயே சிலர் அவனை 'எங்களுக்காக வித்தவன்' என்று முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அதுதான் அவனுக்கு மிகவும் நொந்தது. இப்போது மீன்பிடித் துறைமுகத்தடியில் ஐஸ் ஏற்றுகிறான்.

போன வாரம் எனக்கு ஒரு கடிதம். கொழும்பில் ஒரு கழகம், புதுப் பயிற்றுநர். பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்திருக்கிறார், றுவைஸை எடுக்க விருப்பம். ஆனால் அந்தப் பந்து? 'நீங்கள் கேள்வி கேட்டவர். உங்களிடம் பதில் இருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தாருங்கள்.'

பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலுக்குள் நிப்றாஸ் இருக்கிறான். கிண்ணியாப் பள்ளியின் பந்தாட்டப் பயிற்றுநர் வேலைக்கு நேர்முகம் முடித்து, நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். அவனிடம் போனேன்.

"வேணுமெண்டு ஊதல்ல சேர்" என்றான். "வெளிச்சம் கொறஞ்சிரிச்சி. முன்னுக்கு றுவைஸ்ட முதுகு. வாயில வந்திட்டு."

"வேற சட்டை போட்டிருந்தவன் எண்டு தெரியேல்லையா தம்பி?"

"தெரியும். அந்த ஒரு கணத்துல தெரியல்ல." என்றான். "மூணு வருஷமா அவன்ட மொகத்துல முழிக்கல்ல. எழுதுங்க சேர். என்ட பேரையும் போட்டே எழுதுங்க."

ஒரு கணம் இரண்டு பேரும் தாங்கள் பிரிந்துபோனதை மறந்துவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். பத்திரிகையில் இதற்கு ஒரு சொல் இல்லை; அங்கே ஒருவன் விற்றவனாகவோ மற்றவன் ஏமாற்றியவனாகவோ இருந்தாக வேண்டும். அதனால்தான் இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன்.

6

முடிவு அ: நான் விசிலை எழுதுகிறேன். றுவைஸ் கொழும்புக்குப் போகிறான். நிப்றாஸுக்கு நியமனக் கடிதம் வரவே—

முடிவு ஆ: நான் எழுதவில்லை. றுவைஸ் ஐஸ் ஏற்றுகிறான். நிப்றாஸ் சின்னப் பெடியளுக்கு விசில் பழக்குகிறான்—

முடிவு இ: இருவரும் ஒரு மாலை பாலத்தின் நடுவில் எதிரெதிரே சந்தித்து—

"படம் எடுக்கிறியளோ?" என்றாள் குணேஸ்வரி.

7

இந்த ஆறு பகுதிகளையும் அச்செடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். றுவைஸ் கவிழ்த்த மீன்பெட்டியில் இருந்து வாசித்தான். ஐஸ் பிடித்த கை. தாளின் ஓரமெல்லாம் நனைந்துவிட்டது. மூன்றாம் பகுதியில்தான் அந்தத் தடிமன் திருத்தம். ஐந்தாம் பகுதியில், நிப்றாஸ் சொன்ன இடத்தில், அவன் கண் நெடுநேரம் நின்றது. பிறகு தாளை மடித்தான்.

"விசில எடுத்திருங்க சேர்."

"எடுத்தா நீ ஏன் குடுத்தனி எண்டு கேப்பினம்."

"கேட்டுட்டுப் போகட்டும். அவனுக்கு இனித்தான் ஒரு தொழில் வரப்போகுது."

"உனக்கு?"

லொறிக்காரன் கூப்பிட்டான். றுவைஸ் எழுந்து கையைச் சாரத்தில் துடைத்தான், இரண்டடி போனான், திரும்பி வந்தான்.

"ஊர விட்டுப் போய் ஆடின நாலு வருஷத்துல சேர், அந்த ஒரு பந்துதான் நான் பாக்காமக் குடுத்தது." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நல்ல பந்து."

நான் மோட்டார் சைக்கிளில் ஏறி, எங்கள் பாலையூற்று வளைவுவரை வந்து, ஓரமாக நிறுத்தி அழுதேன். எனக்குத் தடிமன் இல்லை.

8

அவன் கேட்டபடி விசிலை எடுத்துப் பார்த்தேன். நாலாம் பகுதியில் இரண்டு சொல். எடுத்ததும் பழையபடி என் கேள்விக்குறி வந்து நின்றது. திரும்பவும் போட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்ற முடியவில்லை. அந்தப் பத்து நிமிட வெளிச்சம் வேறு எங்கே கிடைக்கும்? கழகத்துக்காரர் கதை வாசிக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. அது நம்பிக்கையா பயமா என்று எனக்கே தெரியாது.

கடிதம் மேசையில் கிடக்கிறது. விலாசம் எழுதி, கையொப்பமும் வைத்தாயிற்று. நடுவில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்:

[                              ]

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு விசிலைக் கேட்டவர்கள் மூன்றே பேர். ஒருவன் சொல் என்கிறான். ஒருவன் சொல்லாதே என்கிறான். மூன்றாமவன் சொல்லாமல் இருந்தே பழகிவிட்டவன், அவனை நம்ப வேண்டாம்.

இப்போது நீங்களும் கேட்டுவிட்டீர்கள்.