கோ அண்ட் கம்

"இங்கிலீஷ் பேசத் தெரியாதவளை பம்பாய்க்கு அழைச்சுண்டு போய் நான் என்ன பண்றது?"

என் ஆத்துக்காரர் வீரராகவன் இப்படித்தான் ஆரம்பிச்சார். வருஷம் ஐம்பத்தெட்டு. திருச்சி கன்டோன்மெண்ட்ல ஒரு கம்பெனியில குமாஸ்தாவா இருந்தவருக்கு பம்பாய்ல ஆபீசர் உத்தியோகம் வரப்போறதுன்னு பேச்சு. எனக்கு ரோஷம் பொத்துண்டு வந்தது. "தெரியலேன்னா கத்துண்டாப் போச்சு. உங்களை விட்டுட்டு நான் இந்த ஸ்ரீரங்கத்துல தனியா உட்கார்ந்திருக்க மாட்டேன்"னேன்.

கத்துக்கொடுக்கறதுல அவர் கெட்டிக்காரர், அதை மறைக்க மாட்டேன். "புஸ்தகத்தை மூடு. கையால என்ன செய்யறியோ அதை வாயால சொல்லு" என்பார். சொன்னேன். அடுப்பு மூட்டறச்சே சொன்னேன், பருப்பு களையறச்சே சொன்னேன். சாத்தமுதுக்கு, அதான் ரசத்துக்கு, இங்கிலீஷ்ல பெப்பர் வாட்டராம், கர்மம்! காவேரியில முழுக்குப் போடறச்சேகூட உதடு அசைஞ்சுண்டே இருக்கும். பக்கத்தாத்து ரங்கம்மா, "என்னடி வைதேஹி, புது ஸ்தோத்திரமா?"ன்னு கேட்டா. "ஆமாம், பம்பாய் ஸ்தோத்திரம்"னேன்.

ஒண்ணே ஒண்ணுலதான் எங்களுக்குள்ளே சண்டை வரும். கார்த்தால ஆபீசுக்குக் கிளம்பறச்சே வாசல்ல நின்னுண்டு, "ஐ ஆம் கோயிங்" என்பார். எனக்குப் பகீர்னு இருக்கும். "போறேன்னு சொல்லாதீங்கோன்னா! போயிட்டு வரேன்னு சொல்லுங்கோ."

"இங்கிலீஷ்ல அப்படிக் கிடையாதுடி."

"கிடையாதுன்னா அந்த பாஷையில கிளம்பாதீங்கோ."

சிரிச்சுண்டே, "சரி, போயிட்டு வரேன்" என்பார். அதைக் கேட்டப்புறம்தான் அடுப்பைக் கவனிக்கத் தளிகை உள்ளுக்குப் போவேன்.

ஒருநாள் மானேஜர் பங்களாவுல டீக்குக் கூப்பிட்டா. மானேஜரோட சம்சாரம் பம்பாய்க்காரி. அவ கேட்டதுக்கெல்லாம் தடங்கலே இல்லாம பதில் சொன்னேன். கோவிலைப் பத்திக் கேட்டா, சொன்னேன். வெயிலைப் பத்திக் கேட்டா, சொன்னேன். இவர் முகத்துல அப்படி ஒரு பெருமை! எழுந்து கை கூப்பினேன். வாயில தானா வந்தது: "வி வில் கோ அண்ட் கம்."

அவ புருவத்தைத் தூக்கினா. "கம்? வென்? டுநைட்?"

எல்லாரும் கொல்லுனு சிரிச்சா. நானும்தான் சிரிச்சேன், அதுல என்ன வந்தது? இவர் மட்டும் சிரிக்கலே. ஆத்துக்கு வந்து படுக்கப்போறச்சே, "என் மானமே போச்சு"ன்னார். அவ்வளவுதான்.

உத்தியோகம் கிடைச்சது. "முதல்ல நான் போறேன். நீ இன்னும் நன்னாக் கத்துக்கோ, அப்புறம் பார்க்கலாம்"னார். எப்போன்னு கேட்டேன். பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். அதுக்கப்புறம் ஆத்துல என்னோட இங்கிலீஷும் பேசலே, தமிழும் பேசலே. நான் மட்டும் விடலே. அவர் வேஷ்டியை மடிச்சுப் பெட்டியில வைக்கறச்சேகூட அதை இங்கிலீஷ்ல வாயால சொல்லிண்டேதான் வச்சேன்.

திருச்சி ஜங்ஷன்ல ரயில் கிளம்பற நேரம். ஜன்னல் ஓரமா உட்கார்ந்துண்டு கடியாரத்தைப் பார்த்தார். "ஐ ஆம் கோயிங், வைதேஹி."

"அது வேண்டாம்னா. தமிழ்ல சொல்லுங்கோ. ஒரு தரம் சொல்லிடுங்கோ, போறும்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். பொய் சொல்ல வராது அவருக்கு, ஒருநாளும் வராது. திறந்த வாயை அப்படியே மூடிண்டு தலையைக் குனிஞ்சுண்டார். ரயில் நகர்ந்தது.

அங்கே இருந்த பெஞ்சில உட்கார்ந்தேன். பக்கத்துல கவுன் போட்ட ஆங்கிலோ இந்தியக் கிழவி ஒருத்தி. என் முகத்தைப் பார்த்துட்டு, "ஹஸ்பெண்டா? வென் வில் ஹி கம் பேக், மை டியர்?"ன்னு கேட்டா.

"ஹி வில் நாட் கம் பேக், மேடம்."

பாவம், என் கையைப் பிடிச்சுண்டு, "யூ ஸ்பீக் லவ்லி இங்கிலீஷ்"னா.

யாராவது புகழ்ந்தா தேங்க் யூன்னு சொல்லணும்னு அவர் கத்துக்கொடுத்திருந்தார். சொன்னேன்.