வராதிருந்தால் எரிந்திருக்கும் நகரம்

நினைவு மண்டபத்தின் கடைசி அறைக்கு 'வராதிருந்தால்' என்று பெயர். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரில் கடல் கடந்த படையொன்று தலையிட்டது. அது தலையிடாமல் தன் வழியே போயிருந்தால் இந்த நகரம் என்னவாகியிருக்கும் என்று காண்போர் கண்ணாரக் கண்டு தெளிவதற்காக எழுந்தது அவ்வறை. நடுவே பெரிய மேசை. அதன்மேல் நகரம் முழுவதும் அட்டையாலும் மென்மரத்தாலும் எழும்பிப் பின் வீடு வீடாகக் கரிந்துகொண்டிருந்தது. எதிரே அகன்ற சன்னல். அதன் வழியே அதே துறைமுகத் தெரு, வெள்ளையடித்த சுவர்களும் கொடியில் உலரும் துணிகளுமாக உயிரோடு தெரியும். மேசையையும் சன்னலையும் மாறிமாறிப் பார்ப்பவர் எவரும் அந்தப் படைக்கு ஒரு கும்பிடு போடாமல் வெளியேற மாட்டார் என்பது மேலாளரின் நம்பிக்கை.

படையாக வந்தவர்களை ஊரார் 'விருந்தாளிகள்' என்றார்கள். முதல்நாள் வானொலி அப்படித்தான் அறிவித்தது. போர் போயிற்று, விருந்தாளிகள் போகவில்லை.

மேசை நகரத்தைக் கட்டியவளும் எரித்தவளும் ஒருத்தியே. பொறியாளர்களுக்கு மாதிரி வீடு செய்து கொடுத்துப் பிழைத்தவள். ஆகவே எல்லாருக்கும் அவள் 'அட்டை'. அவள் சூட்டுக்கோலால் சுவர்களைக் கருக்குவாள். கூட இருக்கும் ஓவியர் கரியும் சாம்பலும் பூசுவார். அவருக்குப் 'புகையண்ணன்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

கோலை வைக்குமுன் ஒவ்வொரு குட்டிக் கூரையையும் நகத்தால் தட்டி, "ஆள் இருக்கா?" என்று கேட்பாள். ஒரு மூச்சு நேரம் காத்திருப்பாள். பிறகுதான் சூடு.

"ஏன் தங்கச்சி, அட்டை வீட்டுக்குள்ள இருந்து யாரு பதில் சொல்லப்போறா? கரப்பான்பூச்சியா?"

"அது சொன்னாலும் கோலை வைக்கமாட்டேண்ணே. நீங்க கரியக் குழைங்க."

"குழைச்சுக் குழைச்சு என் மூஞ்சியே எரிஞ்ச வீடாயிடுச்சு. வீட்டுக்காரி கதவத் திறக்கவே யோசிக்கிறா."

புகையண்ணன் சிரித்தாரே ஒழிய, அந்தக் கேள்வியின் பிறப்பு அவருக்கும் தெரியும். மலைப்பக்கத்தாரும் கரைப்பக்கத்தாரும் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்திய நாள்களில், தீப்பந்தத்தோடு வந்தவன் கதவைத் தட்டிக் கேட்டாக வேண்டும். உள்ளே இருப்பது மாமனோ மச்சானோ, யார் கண்டது? 'இருக்கு' என்று குரல் வந்தால் நெருப்பு வாசலில் நிற்கும். எரிக்க வந்தவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பியதும் உண்டு. அத்தனை பகையிலும் அழியாமல் இருந்த ஒரே அறம் அது. ஆழியின் மேலிருந்து வந்த குண்டுகள் மட்டும் எவரையும் கேட்கவில்லை.

அட்டையின் அண்ணன் துறையில் கிரேன் ஓட்டுநர். ஒருமுறை இரும்புச் சங்கிலி விழுந்ததில் இடக்காலை இழுத்து நடப்பவர். நீலச் சட்டையோடு வேலைக்குப் போன காலையில் விருந்தாளிகளின் முதல் குண்டு துறைமேல் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. அன்று முதல் துறைமுகத் தெருவில் மஞ்சள் கதவு வைத்த அவர்கள் வீட்டில் அட்டையும் அண்ணியும் இருவர் மட்டுமே. மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை அண்ணிக்கு. ஓர் அடுப்பில் சமைத்து, ஒரு கூரையின்கீழ் உறங்கியும், அவரைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் அடைக்க முடியாது என்ற அச்சம்.

மேசை நகரத்தில் துறை மட்டும் பழுதின்றி நின்றது. விருந்தாளிகளின் கப்பல்கள் வராத ஊரில் அதை உடைக்க யார் இருக்கிறார்கள்? மேலாளர் இதை எண்ணிப் பார்க்கவில்லை. அட்டை எண்ணிப் பார்த்தாள்.

ஒரு காலை, அத்துறையின் நுனியில் ஒரு மனிதன் நின்றான். தீக்குச்சி உடல், மிளகளவு தலை, நீலக் காகிதச் சட்டை. அட்டை செய்ததன்று. புகையண்ணன் தன் பிள்ளைகள்மேல் ஆணையிட்டார். விடியலில் அறைக்குள் வருபவள் அண்ணி ஒருத்தியே. அட்டை ஒன்றும் கேட்கவில்லை, பொம்மையை எடுக்கவுமில்லை.

மறுநாள் அவன் துறை வாயிலில் நின்றான். அடுத்த நாள் எரிந்த கிடங்கின் ஓரத்தில். பிறகு தெருமுனையில். ஒவ்வொரு நாளும் முகம் மஞ்சள் கதவை நோக்கியே இருந்தது. அவள் விளக்கை அருகே பிடித்துக் குனிந்தாள். தூவிய சாம்பலில் அவன் வந்த தடம்: வலப்புறம் ஒரு புள்ளி, இடப்புறம் ஒரு கீற்று, மீண்டும் புள்ளி, கீற்று. இழுபடும் இடக்கால். ஊசிமுனையால் அண்ணி இதை வரைய எத்தனை நாழிகை ஆகியிருக்குமோ என்று எண்ணியபோது அவள் கண் நிறைந்தது.

தெருவில் எல்லா வீடும் எரிந்தாயிற்று. மஞ்சள் கதவு வீடு மட்டும் பாக்கி. விருந்தாளிகளின் தளபதி திறந்துவைக்க வரும் நாளுக்கு முந்தைய பிற்பகல், மேலாளர் மேசையைச் சுற்றி வந்து அதன்முன் நின்றார்.

"இது ஏம்மா இன்னும் புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்குது?"

"வண்ணம் காயட்டும்னு விட்டேன் சார்."

"எரியப்போற வீட்டுக்கு எதுக்கும்மா வண்ணம் காயணும்? சன்னல்ல பார்த்தா கண்ணுல படுற முதல் வீடே இதுதான். அங்க நிக்கணும், இங்க எரிஞ்சிருக்கணும். அப்பதானே தளபதிக்கு மனசு குளிரும்?"

"அது என் வீடு சார்."

"தெரியும்மா. நிஜ வீடு கல்லு மாதிரி நிக்குதில்ல? அட்டை எரிஞ்சா உங்களுக்கென்ன?"

"நிஜ வீட்டுல எங்கண்ணன் இல்ல சார்." அவள் மேசையின் துறையைச் சுட்டினாள். "இந்த ஊர்ல கப்பல் வரல. துறையில குண்டு விழல. வேலைய முடிச்சிட்டு அவர் வந்திட்டிருக்கார். வர்ற நேரத்துல வீடு இல்லன்னா எங்க சார் போவார்?"

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என் நிலைமையையும் பாருங்கம்மா. நீங்க செய்யலன்னா வேற ஆள வச்சுச் செய்வேன். அப்புறம் உங்களுக்கும் இங்க வேலையில்ல, உங்க அண்ணிக்கும் இல்ல."

அண்ணியின் பெயரால் அவள் கை சூட்டுக்கோலை எடுத்தது. முனை சிவக்கும்வரை பொம்மையைத் தேடினாள். காலையில் வாசற்படியருகே நின்றவன் இப்போது தெருவில் இல்லை. புள்ளியும் கீற்றுமாக வந்த தடம் படியோடு முடிந்திருந்தது. அவள் தன் கையால் பசை தடவி ஒட்டிய மஞ்சள் கதவு மயிரிழையளவு திறந்திருந்தது.

சாமி சந்நிதியில் நிற்பவள்போல் அவள் உடல் ஒடுங்கியது. கூரையை நகத்தால் தட்டினாள்.

"ஆள் இருக்கா?"

காத்திருந்தாள். புகையண்ணனின் தூரிகை நின்றது. மேலாளரும் மலைப்பக்கத்துப் பிறவி. பந்தத்தோடு எத்தனையோ வாசல்களில் நின்ற உடம்பு. அவரையறியாமலே கழுத்து சாய்ந்தது, செவி கூரையை நோக்கித் தாழ்ந்தது, மூச்சு அடங்கியது.

"இருக்கார்" என்றது ஒரு குரல்.

வாசலில் வாளியும் துடைப்பமுமாக அண்ணி நின்றிருந்தாள். பால்காரனுக்குப் பதில் சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னாள்.

பிறகு மேலாளர், "கோலைக் கீழ வைங்கம்மா" என்றார். சன்னலருகே போய்த் திரையை இழுத்து விட்டார். தெரு மறைந்தது. "கயிறு சிக்கிக்கிச்சு, திறக்க வரலன்னு சொல்லிக்கிறேன். ஒத்துப்பார்க்க சன்னல் இல்லன்னா இந்த வீட்ட யாரும் தேடமாட்டாங்க." தயங்கிச் சேர்த்தார்: "கேட்டதுக்கப்புறம் பதில் வந்துட்டா, கொளுத்துறது... நமக்குப் பழக்கமில்லையே."

அந்தி சாய, அட்டையும் அண்ணியும் துறைமுகத் தெரு வழியே நடந்தார்கள். அடைத்த கதவு இன்று தானாகவே திறந்துகொண்டதுபோல் அட்டைக்குப் பேச்சு வந்தது.

"பொம்மை அச்சு அசல் அவரேதான் அண்ணி. அந்தக் கால் தடத்தைக்கூட விடாம வரைஞ்சிருந்தீங்களே."

"எந்தத் தடம்?"

"சாம்பல்ல, தினமும்."

அண்ணி நின்றாள். "நான் துறையில கொண்டு வச்சதோட சரிடீ. அங்கயாச்சும் நிக்கட்டும்னு. அப்புறம் மேசைப் பக்கமே போகல. நீதான் நடத்திக் கூட்டிட்டு வர்றேன்னு... நீ வாய் திறக்கமாட்டேன்னுதான் நானும் கேக்கல."

அட்டை தலையை ஆட்டினாள். இல்லை என்று.

வீடு வந்துவிட்டது. காலையில் பூட்டிய பூட்டு பூட்டியபடியே தொங்கியது. அண்ணியின் இடுப்பில் சாவி இருந்தது, அவள் எடுக்கவில்லை. மஞ்சள் கதவின்முன், படியில் படர்ந்த மெல்லிய புழுதியை இருவரும் பார்க்கத் துணியாமல் நேரே பார்த்து நின்றார்கள்.

அண்ணி விரல் மடக்கிக் கதவைத் தட்டினாள்.

"ஆள் இருக்கா?"

ஊர் வழக்கப்படி, இருவரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள்.