ஆதரவு என்று குறித்த வீடுகள்

எங்கள் ஆட்கள் வாசலுக்கு வந்தவனிடம் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. போக மனமேயில்லாத எத்தனை கலியாணத்துக்கு நானே கட்டாயம் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ரொறன்ரோ நகரசபைக்கு நிரூபா மூன்றாம் முறையும் போட்டியிட்டாள். எதிரே பிரவீண், வீடு கட்டி விற்றுப் பணம் பார்த்தவன், அரசியலில் நேற்று முளைத்தவன். வானொலியைத் திறந்தால் அவன் குரல்தான். நிரூபாவுக்கு என்னைப்போல ஓய்வுபெற்ற சில கால்கள். அஜின்கோர்ட் பகுதியில் ஆறு தெருக்கள் என் பொறுப்பு. வீடு வீடாகப் போய், ஆதரவா, யோசிக்கிறார்களா, இல்லையா என்று பட்டியலில் குறிக்கவேண்டும்.

யோகமலர் வீட்டில் தேத்தண்ணி தந்து, "எங்கட பிள்ளைக்குத்தானே போடுவம்" என்றார்கள். வீட்டு முன்னால் நிரூபாவின் பெயர்ப்பலகை ஒன்று நடட்டுமா என்றேன். புல் பழுதாகிவிடுமாம். பிறகு வரி குறைப்பேன் என்று பிரவீண் சொன்னதைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார்கள். அவர்கள் வாக்கு யாருக்கு என்று பச்சைக் குழந்தைக்கும் விளங்கியிருக்கும். நான் ஆதரவு என்று குறித்தேன். ஆறு தெருவிலும் இதே கதைதான். மாலையில் நிரூபா போன் எடுப்பாள். என் எண்ணிக்கையைக் கேட்டதும் அவள் குரலில் ஒரு தெம்பு வரும். அதற்காகவே குறித்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்தப் பட்டியலை நம்பி, கடைசிக் கிழமை முழுவதும் அவள் வேறு பக்கத்து மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்கினாள். தேர்தலன்று ஆதரவாளர்களை வாக்களிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போவதும் என் வேலை. யோகமலரையும் கணவரையும் என் காரிலேயே ஏற்றிப்போய் இறக்கினேன். நிரூபாவின் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன்.

முப்பத்தெட்டு வாக்கால் தோற்றாள்.

அடுத்த கிழமை முடிவுத் தாள்களோடு என் வீட்டுக்கு வந்தாள். சரிந்தது என் தெருக்களில்தான். ஆட்கள் கடைசி நேரத்தில் மாறிவிட்டார்கள் போல, தான் நேரே வந்து முகம் காட்டியிருக்கவேண்டும், எல்லாம் தன் பிழை என்றாள். இதற்கு மேலும் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தால் நான் மனிதனில்லை.

"ஒருத்தரும் மாறேல்லை பிள்ளை. அவை உமக்குப் போடமாட்டினம் எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

தாள்களை மெல்ல மடித்தாள். "ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"உம்மட முகம் வாடிப்போகும் எண்டு..."

"இப்ப வாடேல்லையோ?"