நேராப் படு கண்ணு

அலாரம் அலறியது. ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தவள் அவசரத்துக்கு அழுத்தச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை மறுபடியும் அழுத்திவிட்டாள்.

டெக்னீஷியன் மைக்கில் கேட்டார். "என்ன பாப்பா, மூச்சு முட்டுதா?"

"இல்ல சார். உங்க மெஷின் பாடுற பாட்டுதான் சகிக்கல."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் பரம்பரை நரம்பு நோய் முதலில் நடையைப் பறித்தது. பிறகு முதுகை வளைத்தது. முதுகு ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. ஆனால், இந்த நோய் இதயத்தையும் விட்டுவைக்காது. அதன் நிலை தெரியாமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். கோணிய விலா எலும்புகள் பாதி இதயத்தை மறைத்துவிட்டன. மிச்சம் இந்த எம்.ஆர்.ஐ.தான்.

அதிலும் படம் தண்ணீர் பட்ட மை மாதிரி கலைந்து வந்தது.

"உடம்பு தூக்கிப் போடுதும்மா," என்றார் டெக்னீஷியன். "மயக்கம் குடுத்து எடுக்கலாம்னா, மயக்கம் குடுக்கவே இந்தப் படம் வேணும். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கிற கதைதான்."

அம்மா மைக்கை இழுத்துக்கொண்டாள். "நேராப் படு கண்ணு. நேரா."

சாப்பாட்டு மேசையில், போட்டோவுக்கு நிற்கையில், விருந்தாளி வருகையில் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய வார்த்தை.

திரையில் படம் முன்னைவிட அதிகமாகக் கலைந்தது. டெக்னீஷியன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க நேரான்னதும்தான் நடுக்கம் கூடுது. வளைஞ்ச முதுகை நிமித்த மல்லுக்கட்டுறா பாருங்க."

எழுந்து உள்ளே போனார். இடது தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் பஞ்சுத் திண்டுகளைச் செருகினார். "உனக்கு எப்படி வசதியோ அப்படியே கிட. படத்தை நேராக்குறது என் வேலை."

திரும்பி வந்து மைக்கை அம்மாவிடமே நீட்டினார். "நீங்க சொன்னாத்தான் கேப்பா."

அம்மா மைக்கை வாங்கினாள். "கோணலாவே... இரு கண்ணு. இப்ப மூச்சைப் பிடி."

திரையில் இதயம் பளிச்சென்று தெரிந்தது.

படத்தைப் பார்த்த டாக்டர், "இதயச் சுவர் கொஞ்சம் தடிச்சிருக்கு. மருந்து தரேன். ஆபரேஷனைத் தாங்கும்," என்றார்.

மகளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது அவள் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்தினாள். அம்மா அவள் தோளைப் பிடித்தாள்.

"நேரா இருக்க இவ்வளவு வலிக்கும்னு ஏன்டி இத்தனை வருஷமா சொல்லல?"

"நான் கோணலா இருந்தா உனக்கு வலிக்குதேம்மா."