கப்பலின் கடைசிக் குட்டி

அன்று காலையும் எங்கள் கிழட்டுக் குதிரை கப்பல் வாளியைக் கவிழ்த்தாள். கொள்ளும் தவிடும் கலந்து வைத்தால் முதலில் மூக்கால் ஒரு இடி. எல்லாம் தரையில் கொட்டிய பிறகுதான் நிதானமாகப் பொறுக்கித் தின்பாள். "கொட்டுடி, நல்லாக் கொட்டு. அள்ளுறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன்ல" என்று திட்டிக்கொண்டே கொட்டகையைக் கூட்டினேன். அவள் என் முதுகில் ஒருமுறை மூச்சு விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மதியத்துக்குள் வயிற்று வலி வந்து படுத்துவிட்டாள். கால்நடை டாக்டர் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மழையில் நடந்தே வந்தார். ஊசி போட்டார். குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, இந்த வயதில் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, உடனே கிளம்பாமல் சிறிது நேரம் எங்களுடன் நின்றார். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டாள். அவளுடைய நான்கு மாதக் குட்டி தலைமாட்டிலேயே நின்றது.

கப்பல் ஊட்டியில் பந்தயம் ஓடியவள். ஓடத் தெரியாமல் இல்லை. கூட ஓடும் குதிரைகளை விட்டுவிட்டு முன்னால் போக மாட்டாளாம். அதனால் கழித்துவிட்டார்கள். என் மாமனார் பழனியாண்டி அவளை வாங்கி எங்கள் ஊர் கிளென்மார்கனுக்கு ஓட்டி வந்தார். மலைப்பாதையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து அவள் நடந்ததைப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளையில இலங்கையில இருந்து, தலைமன்னார்ல ஏறி வந்த கப்பலுக்குப் பொறகு, இப்பிடி ஆடிக்கிட்டு வர்றது இவதான்" என்றாராம். பெயர் அப்படி வந்தது. மாமனார் இப்போது இல்லை. எங்கள் கொட்டகையில் நிற்கும் குதிரைகள் எல்லாம் கப்பல் பெற்றவை. பைக்காராவில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றும் இந்தக் குதிரைகள்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகின்றன.

மழைக்காலத்தில் சவாரி இருக்காது. காலையில் குதிரைகளை அவிழ்த்து விடுவோம். தாமே மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பிவிடும். நாங்கள் யாரும் கூடப் போவதில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளுக்குக் கீழே தேயிலை, அதற்குக் கீழே ஒரு சதுப்பு, அதைத் தாண்டினால் நல்ல புல்வெளி. சதுப்பைச் சுற்றி, சீகை மரங்களுக்குள் புகுந்து வரும் வழி ஒன்று உண்டு. கப்பல் எப்போதும் அந்த வழியாகத்தான் கூட்டி வருவாள். கொஞ்சம் நடப்பாள், நிற்பாள், கடைசிக் குதிரை வந்து சேர்ந்த பிறகு நகர்வாள். அவள் கழுத்தில் ஒரு பித்தளை மணி. மூடுபனியில் கை நீட்டினால் கை தெரியாத நாளிலும், அந்தச் சத்தத்தை வைத்து எங்கே வருகிறார்கள் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

அவள் போன பிறகு குட்டி மேயப் போக மறுத்தது. மற்றவை கிளம்பினாலும் கொட்டகை மூலையில் கப்பல் நின்ற இடத்தில் போய் நின்றுகொள்ளும். விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. வயதான குதிரையின் கடைசிக் குட்டி. இதை விட்டால் கப்பலுக்கு இன்னொன்று இல்லை.

ஒருநாள் என் கொழுந்தன் ஜீவா ஆணியில் தொங்கிய மணியைத் தற்செயலாக அசைத்தான். குட்டி கனைத்துக்கொண்டு ஓடி வந்து, சுற்றிச் சுற்றித் தேடியது.

"அண்ணி, பாத்தீங்களா? இதுக்கு மணி போதும். யாரு கழுத்துல கெடந்தா என்ன?"

"ராக்கெட்டுக்குக் கட்டு" என்றார் என் வீட்டுக்காரர் தினகரன். ராக்கெட் எங்களிடம் இருப்பவற்றில் உயரமான ஆண் குதிரை. "அவந்தான் பலசாலி. எது குறுக்க வந்தாலும் ஒதைப்பான்."

கொழுந்து பறித்துவிட்டு வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு மருதாயி அக்கா கூடையை இறக்காமலே நின்றாள். "ராக்கெட்டா? தீனி வாசம் அடிச்சா அவன் பெத்த தாயவே தள்ளிட்டு ஓடுவான். நீங்க அவனத் தலைவராக்குங்க."

"எல்லாத் தலைவரும் அப்பிடித்தானுங்க அக்கா" என்றான் ஜீவா.

எல்லோரும் சிரித்தோம். வெகுநாளைக்குப் பிறகு அந்த வாசலில் சிரிப்புக் கேட்டது. மணியை ராக்கெட்டுக்கே கட்டினோம். குட்டியும் அவன் பின்னால் கிளம்பிப் போய்விட்டது. வெயில் இருந்த நாட்களில் ஒரு குறையும் இல்லை. குட்டி புல் தின்றது, விலா மூடியது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கியது. தேயிலை மறைந்தது, பாதை மறைந்தது, எதிர் வீடே மறைந்தது. வழக்கமான நேரத்துக்கு முன்பே மணிச் சத்தம் கேட்டது. ஆனால் ஓட்டமாகக் கேட்டது. ராக்கெட் வயிறுவரை கரிய சேற்றோடு வந்து, நேராகத் தீனித் தொட்டிக்குள் வாயை வைத்தான். அவன் பின்னால் யாரும் இல்லை.

"சதுப்புக்குள்ள புகுந்து வந்திருக்கான்" என்றார் தினகரன். அவர் குரல் இறங்கிவிட்டது.

ஜீவா அவன் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்துக்கொண்டு தேயிலைச் சரிவின் விளிம்புக்கு ஓடினான். நான் பின்னால் ஓடி அவன் கையைப் பிடித்தேன்.

"அடிக்காத ஜீவா!"

"சத்தம் கேட்டா ஓடி வந்துரும் அண்ணி!"

"அதுக்குத்தான் பயப்படுறேன். நேரா ஓடி வரும். நடுவுல என்ன இருக்கு? எருமையே புதைஞ்ச சதுப்பு. குட்டி தாங்குமா?"

தினகரன் வந்து சேர்ந்தார். "அடிக்காம என்ன பண்ணச் சொல்ற வனிதா? போன வாரம் கீழ புலித் தடம் பாத்திருக்காங்க. இருட்டுறவரைக்கும் கைய கட்டிக்கிட்டு நிக்கவா?"

"சின்னி கூட இருக்காள்ல." சின்னி கப்பலின் மூத்த மகள். குள்ளம், சாது, யாரும் பெரிதாகக் கவனிக்காத குதிரை.

"சின்னி என்ன கப்பலா?"

"கப்பல் வயித்துல பொறந்தவதானே?"

"ராக்கெட்டும் அதே வயித்துலதான் பொறந்தான்!"

ஜீவாவின் கையிலிருந்து மணியைப் பிடுங்கிக்கொண்டேன். அதன் நாக்கை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பித்தளை சில்லென்று இருந்தது. சத்தம் வரக் கூடாது என்று இன்னொரு கையையும் சேர்த்துக்கொண்டேன். தினகரன் ஜீவாவை அழைத்துக்கொண்டு சதுப்பைச் சுற்றிக் கீழே இறங்கப் புறப்பட்டார்.

அவர்கள் இறங்குவதற்குள், இடது பக்கம் சீகை மரங்களுக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது. பிறகு கல்லில் குளம்பு படும் சத்தம். பனிக்குள்ளிருந்து சின்னி வந்தாள். எங்களைப் பார்த்த பிறகும் கிட்டே வரவில்லை. நின்று, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். ஒரு குதிரை வந்தது. அவள் நகரவில்லை. இன்னொன்று வந்தது. அப்போதும் நகரவில்லை.

கடைசியாகக் குட்டி வந்தது. முன்னங்கால்கள் இரண்டும் முழங்கால்வரை சேறு. சின்னியின் மார்பிலும் அதே சேறு. அங்கே என்ன நடந்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மணியின் பின்னால் குட்டி சதுப்புக்குள் கால் வைத்திருக்க வேண்டும். சின்னி குறுக்கே போய் நின்றிருக்க வேண்டும். குட்டி தன் பக்கத்தில் வந்து நின்றதும்தான் சின்னி அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.

தினகரன் என்னைப் பார்த்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மணியை வாங்கிக்கொண்டார்.

கொட்டகையில் ராக்கெட் இன்னும் தின்றுகொண்டிருந்தான். ஜீவா அவன் முன்னால் கைகட்டி நின்றான். "மகராசா, வயிறு ரொம்பிச்சுங்களா? இல்ல, இவுங்க பங்கையும் எடுத்து வைக்கட்டுங்களா?"

நான் அன்று அழுதேன். கப்பல் இறந்த நாளில்கூட அப்படி அழவில்லை. மருதாயி அக்கா கேட்டபோது, குட்டிக்காக என்று சொன்னேன்.

அதன்பிறகு குட்டி சின்னியை விட்டுப் பிரியவில்லை. பால் இல்லாவிட்டாலும் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே நடந்தது. மணியைச் சின்னிக்குக் கட்டினோம். முதல் நாள் தலையை உதறினாள், பிறகு பழகிவிட்டாள்.

குட்டிக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. தினகரன் 'ஓடம்' என்று பெயர் வைத்தார். முதுகில் இன்னும் ஆளேற்றவில்லை; பழக்குவதற்காகச் சேணத்தை மட்டும் போட்டுப் பைக்காராவுக்கு நடத்திக் கூட்டிப் போகிறார். இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து அது நடப்பதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிக்கிறார்கள். சின்னி சினையாக இருக்கிறாள். இந்த முறை டாக்டர் வந்தபோது அவள் வயிற்றில் என் கையை வைக்கச் சொன்னார். உள்ளே ஒரு சிறிய உதை.

இந்தக் கோடையில் சதுப்பு நன்றாக வறண்டுவிட்டது. ஆட்கள் நேராகக் குறுக்கே நடந்து போகிறார்கள், சைக்கிள்கூடப் போகிறது. தினகரனும் ஒருநாள் குதிரைகளை அந்த வழியாக ஓட்டிப் பார்த்தார். ராக்கெட் உட்பட ஒன்றும் இறங்கவில்லை. சீகை மரங்களுக்குள் புகுந்து, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வந்தன. அந்தத் தடம் இன்றும் ஒரு குதிரை போகும் அகலம்தான்.