பொரித்த மீனும் பாதிக் கட்டணமும்

மகள் லொரெட்டாவின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தில், குடும்பச் செலவுக் கணக்கில் அவள் தம்பியின் தனியார் பள்ளிக் கட்டணத்தை முழுசாக எழுதி அனுப்பிவிட்டார் ஜெரோம். கிறிஸ்தவர்கள் இறைச்சி தவிர்க்கும் தவக்கால வெள்ளிதோறும் பள்ளி விருந்துக்கு அவர் மீன் பொரித்துக் கொடுப்பதால் பாதிக் கட்டணம் தள்ளுபடி. இது மில்வாக்கி நகரத்திலேயே அவருக்கு மட்டும்தான் மறந்துபோயிருந்தது.

“ஏம்ப்பா, மீதிப் பாதிய மீனா கட்டுச்சு?” என்றாள் லொரெட்டா.

பதறிப்போய்க் கல்லூரிக்கு ஃபோன் போட்டார். இரண்டு பேர், “அது பலதையும் பொறுத்தது சார்” என்று நழுவினார்கள். மூன்றாவதாக ஓர் அம்மாள் பேசினார். வெள்ளிக்கிழமை மீன் முதல் பாதிக் கட்டணம் வரை அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கேட்டார் ஜெரோம்.

“மேடம், நான் மீன் பொரிச்சதால எம் பொண்ணு படிப்பு கருகிடுமா?”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். “கருகாது சார். நீங்க கட்டுன பாதிய மட்டும் எழுதித் திருத்தி அனுப்புங்க. உதவி கொஞ்சம் குறையும், ஆனா பொண்ணு தாராளமா வந்து சேரலாம். வர்ற வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைங்க.”