கட்டியவளே அவிழ்க்க வேண்டும்

பத்ரி கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது பிளஸ்ஸியின் விரல்களில் பசை காயாமல் இருந்தது. அதனால் அவன் அதை அவள் கையில் கொடுக்காமல், அவள் அப்போதுதான் ஒட்டி நிமிர்த்தியிருந்த தெர்மாகோல் மலையின் மேல் சாய்த்து வைத்தான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கனமான பத்திரிகை. மலை மெல்லச் சரிந்தது. உச்சியில் இருந்த இரண்டு குகைகள் பெயர்ந்து மேஜையில் விழுந்தன.

"ஐயோ, சாரி மாஸ்டர். மடத்தையே இடிச்சிட்டேன்."

"கல்யாணம் உனக்கு, இடியிறது எங்க வூடா?" என்றான் தயாளன். "நல்லா கீதுடா நியாயம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிளஸ்ஸியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பத்திரிகையை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு, குகைகளைத் திரும்ப ஒட்டத் தொடங்கினாள். புதன்கிழமையே அவளுக்குத் தெரியும். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பெண்ணுக்கு பெங்களூரில் வேலை, நானும் கேளம்பாக்கம் ஆபீஸை விட்டு அங்கேயே மாறிப் போகிறேன் என்று நால்வருக்கும் பொதுவான வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தான். கடைசி வரியில், 'ஞாயித்துக்கிழமை நம்ம நீலனுக்கு ஒரு நல்ல முடிவு குடுத்துடு மாஸ்டர்.' அவள் சேலையூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், யாரோ ஒருவரின் புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டுத் திரும்பியபோது அதைப் படித்தாள். கட்டை விரலை உயர்த்தும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினாள். பிறகு பட்டையை அவிழ்க்க மறந்து, அந்த மனிதர் "அம்மா, கை மரத்துப் போச்சும்மா" என்று சொல்லும்வரை நின்றிருந்தாள்.

தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் படித்த காலத்திலேயே ஆரம்பித்த விளையாட்டு இது. ஒருத்தி கதை சொல்வாள். அவளுக்கு மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் நடப்பார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். கடினமான காரியம் ஏதாவது வந்தால் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பத்துக்குக் குறைந்தால் காரியம் கெட்டது. மாஸ்டர் மட்டும் ஒரு மறைப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டலாம். படிப்பு முடிந்து, தயாளன் கிழக்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்து, ஸ்நேகாவைக் கல்யாணம் செய்துகொண்டு, செம்பாக்கம் ஏரிப் பக்கம் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகும் ஞாயிறு மதியங்கள் மாறவில்லை. பிளஸ்ஸி ஆராதனை முடிந்து நேராக இங்கேதான் வருவாள்.

மடம் அவளுடைய கற்பனை. கடலைப் பார்த்து நிற்கும் செங்குத்தான பாறை. அதில் பொந்து பொந்தாகக் குகைகள். அவற்றில் பறவைத் தலையும் மனிதக் கைகளும், முதுகில் சிறகுமாய் ஒரு கூட்டம். படிக்கட்டு கிடையாது, கயிறு கிடையாது. சிறகிருப்பவர்களுக்கு எதற்கு? ஆனால் துறவு கொண்டவுடன் அவர்கள் சிறகுகளைச் சிவப்பு நூலால் கட்டிக்கொள்வார்கள். பறக்கத் தெரிந்தவன் பறக்காமல் ஒரே இடத்தில் இருப்பதுதான் அங்கே தவம். தன் சிறகைத் தானே கட்ட முடியாது. இன்னொருவர் கட்டிவிட வேண்டும். மடத்தை விட்டுப் போக நினைத்தால், கட்டியவரே வந்து அவிழ்க்க வேண்டும். மனம் ஒப்பாத கை தொட்டால் நூல் இன்னும் இறுகும். இதையெல்லாம் பரிசோதனைக் கூடத்தின் காலி நேரங்களில், கண்ணாடிக் குழாய்கள் சுழலும் சத்தத்தில் அவள் யோசித்து வைத்தாள்.

பத்ரியின் நீலன் ஒரு மீன்கொத்தி. தயாளன் ஒரு கிழட்டுக் கழுகு, ஸ்நேகா ஆந்தை. மடத்தின் மற்ற எல்லோருக்கும் மாஸ்டர்தான் குரல் கொடுக்க வேண்டும். அப்படி அவள் குரல் கொடுத்தவர்களில் ஒருத்தி சாம்பலி என்ற நாரை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழை ஞாயிறு. ஏரி நிறைந்து தெருவில் முழங்கால் தண்ணீர். வண்டலூருக்கு விசேஷத்துக்குப் போன தயாளனும் ஸ்நேகாவும் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட, கீழ்வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு பத்ரியும் அவளும் மட்டும் இந்த மேஜையில் உட்கார்ந்தார்கள். கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் இருவர் மட்டும் ஆடினார்கள். மடத்துக்குள் பேசும்போது சுத்தமான எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். கேலியாக ஆரம்பித்து, சட்டமாகிப் போனது. அன்று நீலன் துறவு கொள்வதாகச் சொல்லி, தன் சிறகைச் சாம்பலிதான் கட்ட வேண்டும் என்றான். அவள் கட்டினாள். பத்ரி அவளை நேராகப் பார்த்து, "நீ அவிழ்க்கும் வரை நான் எங்கும் போக மாட்டேன், சாம்பலி. கடல் வற்றினாலும் இந்தப் பாறையில்தான் இருப்பேன்" என்றான். அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. மழை பெய்துகொண்டே இருந்தது. பிறகு அவன் நாற்காலியில் சாய்ந்து, "செமயா இருந்துச்சுல்ல?" என்று கேட்டு, பக்கத்துத் தெருவில் பஜ்ஜி கிடைக்குமா பார்க்கிறேன் என்று பேன்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

பிளஸ்ஸி முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டாள்.

அவன் ஸ்கூட்டரில் கொண்டுவிடும்போது ஏரிக்கரையில் வேகத்தைக் குறைத்ததெல்லாம் அதோடு சேர்ந்தது. சட்டை எடுக்கக் கூப்பிட்டதும், அவள் ஜுரத்தில் கிடந்தபோது போன் செய்ததும் சேர்ந்தன. போன வருஷம் சபையில் பாஸ்டர் மூலமாக ஒரு வரன் வந்தது. படப்பைக்காரர், அமைதியானவர், அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். "இப்ப வேணாம்மா" என்று அவள் சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்ட அம்மாவிடம் என்ன சொல்ல முடியும்? ஒரு நாரை ஒரு மீன்கொத்தியின் சிறகைக் கட்டியிருக்கிறது, இன்னும் அவிழ்க்கவில்லை என்றா?

"ஆரம்பிக்கலாமா?" என்றான் பத்ரி. "அஞ்சு மணிக்குப் பெருங்களத்தூர்ல பத்திரிகை குடுக்கப் போகணும். அம்மா ரெடியா நிப்பாங்க."

அவள் மறைப்பு அட்டையை நிமிர்த்தினாள். விடியற்காலை, கடல்காற்று, பாறை விளிம்பு என்று சொன்னாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாக நிதானமாக வந்தது. நீலன் விளிம்பில் வந்து நின்றான்.

"சாம்பலி, நான் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. என் கட்டை அவிழ்ப்பாயா?"

"எங்கே போகிறாய்?" என்றது நாரை.

"தூர தேசம்."

"திரும்பி வருவாயா?"

பத்ரி யோசித்தான். "தெரியவில்லை" என்றான். பிறகு தன் சொந்தக் குரலில், "லீவுல வர்றப்ப ஒரு கேம் போடலாம்" என்றான்.

"டேய், மடத்துக்குள்ள லீவுன்னு சொல்லாத. ஃபைன் போட்டுருவேன்" என்றான் தயாளன்.

பிளஸ்ஸி பகடையை உள்ளங்கையில் வைத்து மூடினாள். தவறினால் அடுத்த பௌர்ணமி வரை யாரும் அந்தக் கட்டைத் தொடக்கூடாது. அது அவள் போட்ட சட்டம். அடுத்த பௌர்ணமி என்றால் அடுத்த ஆட்டம். பத்ரிக்கோ இதுதான் கடைசி ஆட்டம்; இனி கல்யாண வேலை, பிறகு பெங்களூர். கட்டு அவிழாவிட்டால் நீலன் இந்த மலையிலேயே இருப்பான். என்றைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை, அவள் கேட்பது தெர்மாகோலில் ஒரு பொந்து மட்டும்தான்.

அட்டைக்குப் பின்னால் உருட்டினாள். பதினேழு.

"நாலு" என்றாள்.

"அடப்பாவமே" என்று தயாளன் மேஜையைத் தட்டினான். பத்ரி ஒரு கணம் திகைத்து, வாய்விட்டுச் சிரித்தான்.

"பரவால்ல விடு. அப்ப அவன் இங்கயே கெடக்கட்டும். நான் போனப்புறம் நீங்களே வச்சு ஆடிக்கங்க. ரெண்டு வருஷம் வளர்த்த பய, கொஞ்சம் மனசு கேக்காது. என்ன பண்றது, விளையாட்டுதானே?"

சொல்லிவிட்டு மணி பார்த்தான். அவ்வளவுதான். அவள் மலையைப் பார்த்தாள். அங்கே நீலன் இருக்கலாம், கட்டோடு, கழுத்தைச் சாய்த்து, யார் பேச வைத்தால் பேசிக்கொண்டு. தயாளன் ஒரு நாள் அவன் குரலில் பேசிக் காட்டுவான். அவளே பேச வேண்டியும் வரும். கேள்வியும் அவளுடையதாக, பதிலும் அவளுடையதாக. இத்தனை நாளும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்ததோ என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. வெளியே விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று வீட்டுக்கு மேலாக வட்டமடித்துப் போனது.

ஸ்நேகா அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அட்டை ஸ்நேகாவின் பக்கம் மறைக்காது. "பிளஸ்ஸி" என்றாள். மாஸ்டர் என்று சொல்லவில்லை. "இன்னொரு தடவ பாருடி. இங்க வெளிச்சம் சரியில்ல."

பிளஸ்ஸி குனிந்து பார்த்தாள். "ஆமா. பதினேழு."

"நாலுக்கும் பதினேழுக்கும் வித்தியாசம் தெரிலியா உனக்கு? நாளைக்கே கடைக்கு வா, பவர் செக் பண்ணிக்கினு போ" என்றான் தயாளன். ஸ்நேகா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். "ஏய், இன்னாத்துக்கு மிதிக்கிற?"

நாரை மீன்கொத்தியின் பின்னால் போய் நின்றது. முடிச்சில் முதல் இழை, பிறகு இரண்டாவது. இரண்டு வருஷ உப்புக்காற்றில் நூல் வெளுத்திருந்தது. நகத்தால் நெருடி நெருடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நீலச் சிறகு ஒரு பக்கம் விரிந்தது. அழுந்தியிருந்த இறகுகளுக்குள் காற்று போனது. பிளஸ்ஸி அவசரப்படாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "அவிழ்ந்துவிட்டது" என்றாள் கடைசியில். "போவதற்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா, நீலா?"

பத்ரி நிமிர்ந்து உட்கார்ந்தான். நன்றாக முடிக்க வேண்டும் என்ற ஆசை அவன் முகத்தில் தெரிந்தது. "இந்த மலையை நான் என்றும் மறக்க மாட்டேன்" என்றான்.

"சரி" என்றாள். "பறக்கிறாய்."

அவன் கைதட்டினான். "சூப்பர் மாஸ்டர். கண்டிப்பா வரணும், அம்மாவக் கூட்டிட்டு வா. மூணு பேரும் முகூர்த்தத்துக்கே வந்துடணும்." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். மாடிப்படியில் அவன் செருப்பு சத்தம் கீழே போனது. ஸ்கூட்டர் இரண்டாவது உதையில் கிளம்பியது.

"இன்னிக்கு இது போதும்" என்றாள் ஸ்நேகா.

"அவன் போனா மடத்த பூட்டிருவாங்களா? என் கழுகு பசியோட கீது."

"ஆடலாம்" என்றாள் பிளஸ்ஸி.

கழுகு காலைக் கூழுக்குப் போனது. போகிற வழியில் சுற்றிலும் பார்த்தது. "அந்த நாரையம்மா எங்கே?" என்றான் தயாளன், எழுத்துத் தமிழில்.

"பாறை விளிம்பிலேயே நிற்கிறாள். ஒற்றைக் காலில்."

"சாப்பிட்டாளா?"

அவள் மறைப்பு அட்டையை நேராக்கினாள். தயாளன் அவளைப் பார்த்தான், பிறகு ஸ்நேகாவைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது. "அப்படியானால் என் கிண்ணத்தைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைக்கிறேன்" என்றான்.

"காத்து பலமா இருக்கு. கிண்ணம் நிக்குதான்னு உருட்டு."

அவன் வேண்டுமென்றே பலமாக உருட்டினானோ என்னவோ, பகடை மலையில் மோதித் தெறித்து, தரையில் குதித்து, கட்டிலுக்கடியில் ஓடி மறைந்தது. "நான் எடுக்கிறேன்" என்று பிளஸ்ஸி உடனே மண்டியிட்டு, தலையை உள்ளே நுழைத்தாள். தூசி, பழைய பேப்பர் கட்டு, ஒற்றைச் செருப்பு, சுவரோரம் இருட்டு. அவள் கன்னத்தைச் சில்லென்ற தரையில் வைத்தாள்.

"கெடச்சுதா?" என்றான் தயாளன் மேலிருந்து.

"இல்ல" என்றாள், கைக்குள் அதை இறுக்கி மூடிக்கொண்டு. அதன் முனைகள் உள்ளங்கையில் குத்தின. "இன்னும் தேடுறேன்."

"தேடு, தேடு" என்றான் அவன் மெதுவாக. "அவசரம் இல்ல."